கடைசி நான்கு நிமிடம்

ஜோலீன் ஹவ்லிக் நான்கு வருடத்தில் களத்தில் இறங்கி ஆடியது மொத்தம் முப்பத்தெட்டு நிமிடம். ஒரு முழு ஆட்டமே நாற்பது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் பெஞ்சின் கோடியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து நாற்காலியில், மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதில் அவளுக்குப் புகார் இல்லை. ப்ரெண்டன் கல்லூரி அவளுக்கு உதவித்தொகை கொடுத்தது கணக்குக்காக, கூடைப்பந்துக்காக இல்லை. குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் அவள். ஆட்டம் அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம். எதிரணியின் பெரிய ஆட்டக்காரி எப்படி ஆடுவாளோ அப்படிப் பயிற்சியில் ஆடிக்காட்ட ஒருத்தி வேண்டுமே, அந்த ஒருத்தி.

புகார் வேறு இடத்தில் இருந்தது. போன மார்ச்சில் ப்ரெண்டன் பெண்கள் இருபத்தேழு ஆட்டம் ஜெயித்துவிட்டு, கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றார்கள். பத்துச் சின்னக் கல்லூரிகள் சேர்ந்த கான்ஃபரன்ஸ் அது. பட்டம் வாங்குகிற ஓர் அணிக்குத்தான் தேசியப் போட்டிக்கு நேர் வழி. மற்றவர்களை ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து பொறுக்கும். அறிவிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே ஜிம்முக்கு வந்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தது. சர்ச் பெண்கள் மூன்று கேக் கொண்டுவந்தார்கள். பெரிய திரையில் அறுபத்தெட்டுப் பெயர் படித்தார்கள். பதின்மூன்று ஆட்டம் தோற்ற பெரிய பல்கலைக்கழகம் ஒன்று உள்ளே போனது. ப்ரெண்டன் போகவில்லை. கோட்டு போட்ட ஒருத்தன் திரையில் சிரித்தபடி கேட்டான்: "ஜெயிச்சாங்க, சரி. யாரோட ஆடி ஜெயிச்சாங்க?"

யாரோடு ஆடுவது? ஒவ்வொரு கோடையிலும் கோச் ப்ரிட்செட் பெரிய கல்லூரிகளுக்கெல்லாம் ஃபோன் போடுகிறார். எடுப்பதில்லை. எடுத்தால், நீங்கள் வேண்டுமானால் இங்கே வாருங்கள், நெப்ராஸ்காவில் சோளக்காட்டு நடுவிலிருக்கும் உங்கள் ஜிம்முக்கு நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள். உங்களிடம் தோற்றால் எங்களுக்கு அசிங்கம், ஜெயித்தால் லாபமில்லை என்பது அதற்கு அர்த்தம். அப்புறம் அவர்களே கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, யாரோடு ஆடினீர்கள் என்று கேட்பார்கள். முதல் வருடம் விடுதியில், "உங்க ஸ்கூல் பேரே கேள்விப்பட்டதில்லையே" என்று ஒரு டாக்டர் மகள் சொன்ன அதே குரல். ஜோலீனுக்கு அன்றைக்கு ஏறிய கோபம் இறங்கவே இல்லை.

அந்தக் கோபத்தில்தான் ஜனவரியில் ஒன்பது நாள் நூலகத்தில் உட்கார்ந்தாள். பொறுக்குகிற குழு முக்கியமாகப் பார்ப்பது கணினிப் பட்டியலை. நாட்டின் முந்நூற்றுச் சொச்சம் அணிகளையும் தினம் காலையில் வரிசைப்படுத்தும் பட்டியல் அது. ஜெயித்தாயா என்பதோடு, எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்பதும் அதில் சேரும். ஜோலீன் ஒவ்வோர் ஆட்டத்தின் கடைசி நான்கு நிமிடத்தையும் தனியாகப் பிரித்து எடுத்தாள். முன்னிலை பெரிதானதும் கோச் பெஞ்சுப் பெண்களை இறக்கிவிடுவது வழக்கம். அவர்கள் இறங்கியதும் முப்பது புள்ளி முன்னிலை இருபத்திரண்டாகிவிடும். அப்படிப் போன புள்ளிகளையெல்லாம் சேர்த்தால் பட்டியலில் பதினோரு இடம்.

அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்த தாளைக் கோச் நின்றபடியே படித்தார்.

"இத யாரு உன்னப் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல கோச்."

"இதுல உன்னையும் சேத்து வெட்டியிருக்கே. தெரியுதா?"

"தெரியுது."

"பெரிய ஆளுதான்டி நீ," என்றார் கோச்.

மறு ஆட்டத்திலிருந்து முதல் ஐந்து பேர் கடைசி மணி அடிக்கும்வரை ஆடினார்கள். இடம் ஏறத் தொடங்கியது. கான்ஃபரன்ஸ் தலைவருக்கு விஷயம் போய், அவர் அந்தத் தாளைப் பத்துக் கல்லூரிக்கும் அனுப்பிவைத்தார். மேலே தலைப்பே வைத்திருந்தார்: ஹவ்லிக் விதி.

பெஞ்சில் அவளுக்கு அடுத்த நாற்காலி ட்ரூடியுடையது. மூன்று வருடம் ஒரே தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் தின்றவர்கள். தாள் வந்த வாரம் ட்ரூடி அவளிடம் வந்தாள்.

"எங்கப்பா அந்த ரெண்டு நிமிஷத்துக்காக முழு ஆட்டத்தையும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பாப்பாரு. அதையும் கணக்குல கழிச்சிட்டியே, நல்லா இருடி."

"டீமுக்காகத்தான்டி…"

"டீமா? அதுல நான் இல்லையா?"

அதற்கப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுப் பெண்கள் உட்கார்ந்த மேசையில் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. அவள் தட்டோடு வரும்போதெல்லாம் காலி நாற்காலியில் யாருடைய பையாவது இருந்தது. ஜோலீன் ஜன்னல் பக்கம் போய்த் தனியாகச் சாப்பிடப் பழகினாள். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நியாயம் பேச்சுத்துணைக்கு ஆகவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ப்ரெண்டன் நாற்பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது. இன்னும் நாலைந்து இடம் ஏறினால், கான்ஃபரன்ஸ் பட்டம் தவறினாலும் குழு கண்ணை மூடிக்கொள்ள முடியாது. சொந்த ஜிம்மில் கடைசி ஆட்டம் செயின்ட் கொலம்பன் கல்லூரியோடு. அதே கான்ஃபரன்ஸில், மொத்தமே மூன்று ஆட்டம் ஜெயித்த அணி. அன்றைக்குக் கடைசி வருடப் பெண்களுக்கு மரியாதை செய்வார்கள். பெற்றோர் பூவோடு களத்துக்கு வருவார்கள். வருடம் முழுக்கப் பெஞ்சில் இருந்தவளாக இருந்தாலும், கடைசி வருடக்காரி அன்றைக்கு முதல் ஐவரில் இறங்குவாள். எந்தக் கல்லூரியிலும் மாறாத வழக்கம். ப்ரெண்டனில் இந்த வருடம் கடைசி வருடக்காரிகள் இரண்டே பேர்: அணியின் உயிர்நாடியான அன்னிகா ரூட், அப்புறம் ஜோலீன்.

ஜோலீனின் அம்மா டார்லா பன்றிக்கறி ஆலையில் வேலை பார்ப்பவள். காலை ஐந்து மணிக்கு ஷிப்ட், வாரத்தில் ஆறு நாள், கல்லூரியிலிருந்து நூற்று நாற்பது மைல் தூரம். மகள் ஆடி ஒரு தடவையும் பார்த்ததில்லை. இந்தத் தடவை மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டுச் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தாள்.

"பனி வரப்போவுதாம். ராத்திரி ரோட்ட மூடிருவாங்களாம்," என்றாள் ஃபோனில். "ஏழரைக்கெல்லாம் அங்கேருந்து கிளம்பிருவேன். அதுக்குள்ள ஆடிருவல்ல?"

"தொடக்கத்துலயே இறங்குவேம்மா."

"அப்ப சரி. எங்க லைன்ல எல்லாரும் கேட்டாங்க, ஃபோட்டோ எடுத்துட்டு வரச்சொல்லி."

ஆட்டத்தன்று காலை கோச் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"வழக்கப்படி இன்னைக்கு நீ முதல் அஞ்சுல இறங்கணும்."

"ஆமா கோச்."

"அவங்க மூணு ஆட்டம் ஜெயிச்ச டீம். எடுத்த எடுப்புலயே ஏறி அடிச்சா நாப்பது வித்தியாசத்துல முடிக்கலாம். ஆரம்பத்துல ஒரு ரெண்டு நிமிஷம் அவங்கள மூச்சு விட விட்டுட்டா…"

"சுத்தி வளைக்காதீங்க கோச்."

"உன்ன இறக்குனா என்ன ஆகும்னு எனக்கு மேல உனக்குத் தெரியும். கணக்கு உன்னுது. வேணும்னா இறங்கு, நான் தடுக்கல. உன் இஷ்டம்."

ஜோலீனுக்குத் தெரியும்தான். இரண்டு நிமிடத்துக்கு மூன்று புள்ளி, மிஞ்சினால் நான்கு. தன்னைப் பற்றிய எண்ணை அவளே கணக்கிட்டு வைத்திருந்தாள். ட்ரூடியின் இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டுத் தன்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டால் அப்புறம் அந்தத் தாளுக்கு என்ன மானம்?

"வேண்டாம் கோச்," என்றாள்.

கோச் தலையாட்டினார். யோசித்துச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவுக்கு ஃபோன் செய்து வராதே என்று ஜோலீனும் சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லவில்லை. அந்த மகராசி அதற்குள் காரில் பெட்ரோல் போட்டிருப்பாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டார்லா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு களத்தின் நடுவே நடந்தாள். ஆலையின் கோட்டுக்குள் புதுச் சட்டை, விலைச்சீட்டின் நூல் கழுத்தில் தொங்கியது. ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். கைதட்டினார்கள். "நல்ல பளபளன்னு தேச்சு வச்சிருக்காங்க தரைய," என்றாள் அம்மா காதுக்குள். "வழுக்கி விழுந்துறாதடி." பிறகு மூன்றாவது வரிசையில் போய், மடியில் கேமராவை எடுத்து வைத்துக்கொண்டாள்.

முதல் ஐவரின் பெயர் படித்தார்கள். அன்னிகா ரூட் ஓடிப்போனாள். மற்ற நான்கு பெயரிலும் ஜோலீன் இல்லை. ட்ரூடி திரும்பி அவளைப் பார்த்தாள்.

"உன்னையுமா?"

"ம்."

"பைத்தியமாடி உனக்கு? அம்மா வந்திருக்காங்க."

ஜோலீன் களத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் அம்மா கேமராவைத் தூக்கி, இறக்கி, பக்கத்திலிருந்த அம்மாளிடம் ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் தோளைக் குலுக்கினாள்.

அடித்து நொறுக்கினார்கள். இடைவேளையில் இருபத்தொரு புள்ளி முன்னிலை, மூன்றாம் கால்பகுதி முடிவில் முப்பத்திரண்டு. ஆனாலும் செயின்ட் கொலம்பனின் கோச் தன் நல்ல ஐவரை வெளியே எடுக்கவே இல்லை. தோற்கிறவர்களுக்கும் அதே தாள்தான் போயிருந்தது. வித்தியாசம் குறையக் குறைய அவர்களுக்கு லாபம். அந்தப் பக்கத்து பெஞ்சின் கோடியிலும் ஒருத்தி மேல்சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். உயரமான, சிவப்பு முடிப் பெண். இரண்டு பேரும் ஒரே ஒரு தடவை கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டார்கள். ஜோலீன்தான் முதலில் திரும்பிக்கொண்டாள்.

ஏழரைக்கு அம்மா எழுந்தாள். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பெஞ்சைப் பார்த்துக் கையசைத்தாள், சீக்கிரம் சீக்கிரம் என்பதுபோல. இன்னும் ஒரு நிமிடம் நின்றுகொண்டே பார்த்தாள். பிறகு படியேறிப் போய்விட்டாள்.

கடைசி மணிக்கு ஒன்றே முக்கால் நிமிடம் இருக்கும்போது வித்தியாசம் நாற்பது ஆயிற்று. கோச் பெஞ்சுக் கோடியைப் பார்த்தார்.

"ஹவ்லிக், போ. ட்ரூடி, நீயும் போ. நாப்பது போதும்."

கால் மரத்துப்போயிருந்தது. ஜோலீன் இறங்கியதைப் பார்த்ததும் அந்தப் பக்கத்திலிருந்து சிவப்பு முடிக்காரியையும் அனுப்பினார்கள். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவள் ஜோலீன் முதுகிலிருந்த பெயரை எட்டிப் படித்தாள்.

"ஹவ்லிக்கா? அந்த விதிக்காரியா நீ?"

"ஆமா."

"ஜனவரிலேர்ந்து உன்னாலதான்டி நான் எந்திரிக்கவே இல்ல. எங்க டீம் பஸ்ஸுல உன் பேரு என்ன மாதிரி அடிபடுதுன்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்லு."

"சர்ச்சுக்குப் போற பொண்ணு நான், சொல்ல மாட்டேன். இந்தா, வாங்கிக்க."

பந்தை வாங்கி, ஒரு தடவை தட்டி, ஜோலீனின் கைக்கு மேலாக எறிந்தாள். வலைக்குள் விழுந்தது. அந்தப் பெஞ்சே எழுந்து கத்தியது. அடுத்த தடவையும் அவளே எறிந்தாள், அதுவும் விழுந்தது. மறுமுனையில் ட்ரூடி பந்தை ஜோலீனிடம் கொடுத்தாள். ஆள் இல்லாத இடம், எளிய எறி. வளையத்தில் பட்டு வெளியே போனது. மணி அடித்தது. வித்தியாசம் முப்பத்தாறு.

"பரவால்ல விடு," என்றாள் சிவப்பு முடிக்காரி, கையைக் கொடுத்து. "நானும் ரெண்டு மாசமா பந்தத் தொட்டதில்ல. குருட்டு அதிர்ஷ்டம்."

மறுநாள் காலை ஜோலீன் பட்டியலைத் திறந்தாள். ப்ரெண்டன், நாற்பத்தொன்பது. ஒரு இடம்கூட அசையவில்லை. செயின்ட் கொலம்பனைத் தேடினாள். ஒன்பது இடம் இறங்கியிருந்தது. பட்டியலின் அடியில் ஒரு பள்ளத்துக்குள் அவர்களைத் தள்ளியாயிற்று, அவர்களை ஜெயித்ததற்கும் இனி அந்தப் பள்ளத்தின் மதிப்புத்தான். கான்ஃபரன்ஸின் பத்துப் பேரையும் வரிசையாகப் பார்த்தாள். ஜனவரியிலிருந்து பத்துப் பேரும் ஒருவரையொருவர் கடைசி மணிவரை அடித்திருந்தார்கள். ஒருவர் ஏறியதெல்லாம் இன்னொருவர் தோளை மிதித்து. இதைப் போடாமல் விட்டிருந்தாள் தன் தாளில். முதலாண்டுக் கணக்குப் பிள்ளைகூட விடாது. ஒரே ஓர் அணியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.

ஒன்பதரைக்கு அம்மாவின் தேநீர் இடைவேளை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ரோடு எப்டிம்மா இருந்துச்சு?"

"ஐஸு. போயிச் சேந்தப்ப பன்னெண்டரை. அத விடு. அந்தக் கோச்சம்மா பேரு என்ன, ப்ரிட்செட்டா? அவளுக்கு ஒரு லெட்டர் எழுதப்போறேன்."

"அம்மா…"

"இல்லடி, இது என்ன அநியாயம்? கடைசி வருஷப் பொண்ணுங்கள இறக்குறது வழக்கம்னு பக்கத்து அம்மா சொல்லுச்சு. என் பொண்ணு மட்டும் இளக்காரமா? அந்தக் கேமராவ மடியில வச்சுக்கிட்டு லூசு மாதிரி உக்காந்திருந்தேன். இங்க வந்து என்ன சொல்றது? படம் சரியா விழலன்னு சொல்லிட்டேன்."

"கோச் கேட்டாங்கம்மா. இறங்குறியான்னு கேட்டாங்க. நாந்தான் வேண்டாம்னேன்."

அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

"ஏன்?"

"நான் இறங்குனா வித்தியாசம் குறையும். டிவியில பேசுறவங்க, அந்தக் குழுவுல இருக்கறவங்க… அவங்க மதிக்கணும்னா பெரிய வித்தியாசத்துல ஜெயிக்கணும். அதான்."

"நான் வர்றேன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதாம்மா."

அம்மா அழுவாளோ என்று ஜோலீன் பயந்தாள். திட்டினால் தேவலை என்று நினைத்தாள்.

"மதிச்சாங்களா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"பெல் அடிச்சிட்டாங்க," என்றாள் டார்லா. "கையுறை போடணும்."

ஜோலீன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இணைப்பு அறுந்து வெகுநேரம் ஆகியும், வகுப்புக்குப் போகிற கூட்டம் இரண்டு பக்கமும் விலகி நடக்க, தாழ்வாரத்தின் நடுவில் அப்படியே நின்றாள்.