மூன்றாம் எண் பாட்டில்

கஸ்தூரிரங்கன் அறுபத்தொரு வயது வரை மதுவைத் தொட்டதில்லை. மைசூர் அரசாங்கத்தின் ரெவின்யூ இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மல்லேஸ்வரத்தில் வீடு. ரெசிடென்சி ரோட்டுப் பக்கம் இருந்த அந்தக் கிளப்பில் டென்னிஸுக்காகச் சேர்ந்தார். முழங்கால் போன பிறகு சீட்டாட்டத்துக்கும் பத்திரிகை படிக்கவும் போய்வந்துகொண்டிருந்தார். 1957-ல் அவரைக் கிளப்பின் ஒயின் கமிட்டிக்குத் தலைவராக்கினார்கள். முன்பு இருந்தவர் தனக்குப் பிடித்த விஸ்கியாக வாங்கி அலமாரியை நிரப்பிவிட்டார் என்று புகார். குடிக்காத மனிதருக்குப் பிடித்தது என்று எதுவும் இருக்காது என்பது உறுப்பினர்களின் கணிப்பு.

அந்த டிசம்பரில் கிளப்புக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. விழாவுக்கு நல்ல பிரெஞ்சு ஷாம்பெய்ன் வேண்டும் என்று பொதுக்குழு தீர்மானம் போட்டிருந்தது. வெளிநாட்டுச் சரக்குகளுக்கு அரசாங்கம் கெடுபிடி செய்துகொண்டிருந்த காலம். இருபது பெட்டிக்கு லைசென்ஸ் கிடைத்தது. அடுத்தது எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. மெட்ராஸ் ஏஜென்ட், பெயர்பெற்ற மூன்று தயாரிப்பாளர்களின் ஷாம்பெய்னில் இரண்டிரண்டு பாட்டில்களை மாதிரிக்கு அனுப்பிவைத்தார். கஸ்தூரிரங்கன் செய்த முதல் காரியம், அவற்றின் பெயர்களைத் தாமும் பாராமல் மறைத்ததுதான். கிளப்பின் செக்ரட்டரி மௌரீனிடம் சொல்லி, ஆறு பாட்டில்களையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, ஜோடி ஜோடியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடச் செய்தார். எந்த எண் யாருடையது என்பதை மௌரீன் ஓர் உறையில் எழுதி ஒட்டி, தன் மேஜைக்குள் பூட்டிக்கொண்டாள்.

ருசி பார்க்க ஓர் ஆள் வேண்டும். கமிட்டியில் இருந்த ஓஸ்வால்ட் முன்வந்தார். அவர் கார் வியாபாரி, லண்டன் போய் வந்தவர். ஆனால் எந்தப் பெயரை வாங்க வேண்டும் என்று அவர் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கஸ்தூரிரங்கன் அவரைத் தவிர்த்துவிட்டு, படியிறங்கி நிலவறைக்குப் போனார்.

நிலவறை அய்யாவுவின் பொறுப்பில் இருந்தது. மர்பி டவுன் சேரிக்காரர், நாற்பத்தெட்டு வயது, கிளப்பில் இருபத்துமூன்று வருஷமாக வேலை. கிளப்பை நடத்திய கடைசி வெள்ளைக்கார செக்ரட்டரி, ஒவ்வொரு விருந்துக்கு முன்பும் அவரைப் பக்கத்தில் நிறுத்தி ருசி பார்க்கச் சொல்லிப் பழக்கியிருந்தார். பாட்டிலின் லேபிளைப் பாராமல், வாயில் வைத்தே எந்த வருஷத்துச் சரக்கு என்று அய்யாவு சொல்வார் என்று உறுப்பினர்கள் பேசிக்கொள்வார்கள். அதில் பாதியாவது உண்மை.

கஸ்தூரிரங்கன் விஷயத்தைச் சொன்னதும் அய்யாவு கையிலிருந்த துணியை மேஜையில் வைத்தார். பிறகு, தான் வைகாசிப் பௌர்ணமியன்று புத்த சங்கத்தில் சீலம் என்ற ஒழுக்க உறுதிகளை எடுத்துக்கொண்டதாகவும், ஐந்து சீலத்தில் குடிக்காமல் இருப்பதும் ஒன்று என்றும் சொன்னார். மூன்று மாதம் ஆகியிருந்தது.

விழுங்க வேண்டாம், வாயில் வைத்துத் துப்பிவிடலாமே என்றார் கஸ்தூரிரங்கன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாக அய்யாவு பதில் சொன்னார். ஒரு பெண்பிள்ளையிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டுமா என்று கஸ்தூரிரங்கனுக்கு எரிச்சலாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அய்யாவுவின் மனைவி பாஞ்சாலி ஒரு கான்வென்ட்டில் துணி துவைத்தாள். விருந்து முடிந்த கிளாஸ்களில் மிச்சம் இருந்ததையெல்லாம் குடித்துக் குடித்துப் புருஷன் கெட்டதையும், பிறகு அதுவும் போதாமல் சாராயக்கடைக்குப் போனதையும் அவள் பார்த்திருந்தாள். ஒரு தடவை அவர் தள்ளியதில் அவள் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கனமான துணியைப் பிழியும்போது இன்னும் வலிக்கும். சங்கத்துக்கு முதலில் போக ஆரம்பித்தவள் அவள்தான். ஒரு வருஷம் கழித்தே அவர் பின்னால் வந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "துப்பிட்டா போச்சுன்னு நீ நெனைக்கிற. வாய் அப்படி நெனைக்காது."

மறுநாள் அய்யாவு தன்னால் முடியாது என்று கஸ்தூரிரங்கனிடம் சொல்லிவிட்டார். காரணத்தையும் மறைக்கவில்லை. மணிக்கட்டு முறிந்தது வரைக்கும் சொன்னார். கஸ்தூரிரங்கன் அதைக் கேட்கத் தயாராக வரவில்லை. மேலே போய், அன்றைய பத்திரிகையை இரண்டு தடவை படித்தார். வேலையை ஓஸ்வால்ட்டிடம் விட்டுவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. பதினோரு மணிக்கு மறுபடியும் நிலவறைக்கு வந்தார்.

"நான் வாயில வெச்சுக்கறேன் அய்யாவு. நீ மோந்து பாரு. என்ன தேடணும்னு எனக்குச் சொல்லு."

"சாருக்குப் பழக்கமில்லியே."

"பழக்கமில்லாததாலதான் கேக்கறேன். இருக்கறதை இருக்கறபடி சொல்லிடுவேன்."

அய்யாவு தரையைப் பார்த்து யோசித்தார். மோந்து பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. ஒவ்வொரு பாட்டிலும் திறந்ததும் அவர் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும். சரி என்றார்.

ஐஸையும் ஈரச் சாக்கையும் போட்டு பாட்டில்களை அளவாகக் குளிர வைத்தார். கிளப்பில் ஷாம்பெய்னுக்கு வைத்திருந்த தட்டை கிளாஸ்களை ஒதுக்கிவிட்டு, ஷெர்ரி ஒயினுக்கான குறுகிய கிளாஸ்களை எடுத்தார். அகலமான கிளாஸில் வாசனை நிற்காது என்று விளக்கினார். தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்பினார். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை, யாரோ மூச்சு விட்டது போல இருந்தது. கஸ்தூரிரங்கனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு கிளாஸில் ஊற்றினார். கொஞ்ச நேரத்திலேயே இரண்டிலும் வாசனை ஒன்றாக இல்லை என்றார். ஒரு கிளாஸில் சோப்பு வாடை ஒட்டியிருந்தது. கஸ்தூரிரங்கன் அந்தக் கிளாஸைத் தள்ளிவைத்தார். அதற்குப் பிறகு மேஜையில் ஒரே கிளாஸ்தான் இருந்தது. அய்யாவு மோந்து பார்த்து வைப்பார், கஸ்தூரிரங்கன் அதையே எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். மல்லேஸ்வரத்திலும் சரி, மர்பி டவுனிலும் சரி, அதைச் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒன்றாம் எண் கஸ்தூரிரங்கனுக்கு உடனே பிடித்துப்போயிற்று. தித்திப்பு தூக்கலாக இருந்தது. இன்னொரு வாய் வைத்துப் பாருங்கள் என்றார் அய்யாவு. இரண்டாவது வாயில் பானகம் போலத் தெரிந்தது. மூன்றாவதில் திகட்டியது. இரண்டாம் எண்ணைத் திறந்ததும் அய்யாவு முகத்தைச் சுளித்தார். கஸ்தூரிரங்கன் வாயில் வைத்து, நனைந்த சாக்கு மாதிரி இருக்கிறது என்று சொல்லித் துப்பினார். தக்கை கெட்டால் அப்படித்தான் ஆகும், அதற்காகத் தயாரித்தவரைக் குறை சொல்ல முடியாது என்றார் அய்யாவு. நியாயம் பார்க்க வேண்டுமே என்று அதே எண் போட்ட இன்னொரு பாட்டிலையும் திறந்தார். அது நன்றாகவே இருந்தது, கனமாக, ஆப்பிள் வாசனையோடு.

மூன்றாம் எண்ணில் குமிழிகள் மிகச் சின்னதாக, ஒரே கோடாக ஏறின. அய்யாவு வெகு நேரம் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"என்ன தெரியுது சார்?" என்று கடைசியில் கேட்டார்.

"நெய்யில ரவை வறுத்தா வருமே, அது. அப்பறம் நார்த்தங்காய். போயிடுத்துன்னு நெனச்சா திரும்பி வரது."

"எவ்ளோ நேரம் வருதுன்னு பாருங்க. அதான் முக்கியம்."

எவ்வளவு நேரம் என்று பார்க்க கஸ்தூரிரங்கன் அடுத்த வாயைத் துப்பவில்லை. அய்யாவு அதைக் கவனித்துவிட்டு, ஐஸ் வாளியை நகர்த்துவது போலத் திரும்பிக்கொண்டார்.

மறுவாரம் கமிட்டி கூடியது. ஐந்து பேர். மூன்றாம் எண்தான் சிறந்தது என்று கஸ்தூரிரங்கன் காரணங்களோடு சொன்னார். எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டபோது, தாமே ருசி பார்த்ததையும் அய்யாவு துணை நின்றதையும் ஒளிக்காமல் சொன்னார். மௌரீன் உறையைப் பிரித்து வாசித்தாள். இரண்டாம் எண், அரண்மனைகளுக்கெல்லாம் சரக்கு அனுப்புகிற, ஓஸ்வால்ட் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பெரிய பெயர். மூன்றாம் எண்ணைத் தயாரித்தவர்களும் மதிப்பானவர்கள்தான். ஆனால் பெங்களூரில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

ஓஸ்வால்ட் கோபப்படாமல்தான் பேசினார். விழாவுக்கு கவர்னர் வருகிறார். விருந்தாளிகள் பாட்டிலைப் பார்ப்பார்கள். பார்த்ததும் தெரிகிற பெயர் வேண்டும். ஒரு தக்கை கெட்டது தற்செயல். இதையெல்லாம் ஒரு நிலவறைக்காரர் தீர்மானிக்க வேண்டியதில்லை என்று கடைசியாகச் சேர்த்துக்கொண்டார். வாக்கெடுப்பில் மூன்று பேர் இரண்டாம் எண்ணுக்கு, இரண்டு பேர் மூன்றாம் எண்ணுக்கு. கஸ்தூரிரங்கன் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

தோற்றதைச் சொல்ல அவரே கீழே இறங்கிப் போனார். அய்யாவு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதுவும் நல்ல சரக்குதான் என்றார். பிறகு, விழா முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். ஓஸ்வால்ட் பேசியது காதுக்கு வந்துவிட்டதோ என்று கஸ்தூரிரங்கன் கேட்டார்.

"அது இல்ல சார். அன்னிக்கு மூணாம் நம்பரை மோந்து பாத்தேனில்ல, சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப சாராயக்கடை வாசல்ல நின்னுட்டேன். அரை மணி நேரம் நின்னிருப்பேன். உள்ள போகல. பாஞ்சாலிக்குத் தெரியாது."

கஸ்தூரிரங்கன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அய்யாவுவின் சீலத்தைத் தாம் காப்பாற்றிவிட்டதாக இத்தனை நாள் அவருக்குள் ஒரு திருப்தி இருந்தது.

"நான் கூப்ட்டிருக்கவே கூடாது" என்றார்.

"நானும்தான் சரின்னேன்" என்றார் அய்யாவு.

அன்று வீட்டுக்குப் போனதும் கஸ்தூரிரங்கன் தன் பழைய நண்பர் சந்தானத்துக்குக் கடிதம் எழுதினார். சந்தானம் கன்னிங்ஹாம் ரோடு பக்கம் காபிக்கொட்டை ஏற்றுமதி செய்துவந்தார். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் காபி போட்டு, உறிஞ்சி, ருசி பார்த்துத் தரம் பிரிக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அய்யாவுவை வரச்சொல்லி ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்தார். அய்யாவு ஐந்தை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் கையில் எடுத்து, இந்த மூட்டை மழையில் நனைந்து காய்ந்திருக்கிறது என்றார். சந்தானம் கிடங்கில் விசாரித்தார். அப்படித்தான் ஆகியிருந்தது.

விழா நாளில் இருநூற்று நாற்பது பாட்டில்களையும் அய்யாவுதான் திறந்தார். பாஞ்சாலி அன்று கான்வென்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, சமையல்கட்டு வாசலில் மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தாள். சாராயக்கடை விஷயத்தை அவர் அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு கணம் மோந்துவிட்டே அவர் மேலே அனுப்பினார். ஒன்பது பாட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கினார். கெட்ட கிளாஸ் ஒன்றுகூட யார் கைக்கும் போகவில்லை. ஷாம்பெய்ன் பிரமாதம் என்று எல்லோரும் ஓஸ்வால்ட்டின் கையைக் குலுக்கினார்கள். கஸ்தூரிரங்கன் எலுமிச்சை பிழிந்த சோடாவோடு ஓரமாக நின்றிருந்தார்.

ஜனவரி முதல் வாரம் அய்யாவு நிலவறைச் சாவியை மௌரீனிடம் கொடுத்தார். நற்சான்றுக் கடிதத்தில் என்ன எழுதட்டும் என்று அவள் கஸ்தூரிரங்கனைக் கேட்டாள். "இந்தக் கிளப்பில் ஷாம்பெய்னைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள்" என்று எழுதச் சொன்னார். காபிக் கம்பெனிக்கு அது எதற்கு என்று அவள் தயங்கினாள். இருக்கட்டும் என்று சொல்லி, கடிதத்தை வாங்கிக் கையெழுத்திட்டார்.