சத்தம் கேக்கலைன்னு சொன்னேன்

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். எடுத்த ஸ்பானரை எடுத்த எடத்துல வைக்கலைன்னா எவனா இருந்தாலும் கத்திருவேன். குன்றக்குடி ரோட்டுல இருந்த எனாமல் கம்பெனியில நான்தான் பிட்டரு, பேரு பூமிநாதன். தட்டு, குவளை, தூக்குச்சட்டியெல்லாம் பூச்சு கொடுத்து சூளையில ஏத்திச் சுடுவோம். எழுபத்தி மூணுல முதலாளி ஏகப்பன் செட்டியார் எண்ணெய்ச் சூளையைத் தூக்கிட்டு கேஸ் சூளை வச்சாக. அதோட பர்னரைக் கழட்டி மாட்ட என்னைய விட்டா ஊருக்குள்ள ஆளில்லை. அந்தத் திமிரு எனக்கு நெறையவே இருந்துச்சு.

மறு வருசம் ஆயுதபூசை வந்துச்சு. வருசத்துல சூளையை முழுசா ஆறவிடுறதே அப்பத்தான், அதனால சர்வீசும் அப்பத்தான். நாலு பர்னரையும் கழட்டி, கரியைச் சொரண்டி, ஓட்டைக்கு ஓட்டை செம்புக் கம்பி விட்டுக் குத்தினேன். பொறி வர்ற பிளக்கைத் தேச்சு, இடைவெளியைச் சரி பண்ணி, தட்டிப் பாத்தேன். பளிச்சுன்னு அடிச்சுச்சு. கடைசியா பைலட்டு. பெரிய பர்னருகளுக்கு நெருப்புக் குடுக்கிற குட்டி பர்னரு அது, ரெண்டே ரெண்டு ஓட்டை. அதையும் ஊதிச் சுத்தம் பண்ணி எல்லாத்தையும் வாழையிலையில அடுக்கினேன்.

சாயங்காலம் பூசை. சூளைச் சாமானுக்கு எவனையும் தொடவிடாம நானே சந்தனம் குங்குமம் வச்சேன். பைலட்டு மூக்குல சந்தனத்தைத் தாராளமாவே அப்புனேன். பூசையில வச்சதை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது, ராத்திரி பூரா அப்படியே காஞ்சுச்சு. காலையில நல்ல நேரம் ஒம்பது மணியோட முடியுதுன்னு முதலாளி அவசரப்படுத்துனாக. துணியால எல்லாத்தையும் ஒரு தொடை தொடச்சு மாட்டிப்புட்டேன். திரும்பக் கம்பி விடல. நேத்துத்தானே குத்துனோம்னு ஒரு தெனாவட்டு!

பத்த வைக்கிறது பெத்தண்ணன் வேலை. என்னைவிட ஏழு வயசு மூத்தவரு. மொதல்ல ப்ளோயரைப் போட்டு, உள்ள தங்குன கேஸை அஞ்சு நிமிசம் வெளிய தள்ளணும், இல்லைன்னா வெடிச்சிரும். அப்புறம் பைலட்டு, அதுக்கப்புறம்தான் பெரிய வால்வு. மனுசன் ஒரு நாளும் தப்ப மாட்டாரு. அன்னைக்கும் ப்ளோயரு ஓடுச்சு, என் ரெண்டு காதாலயும் கேட்டேன். பைலட்டு ஒத்தை ஓட்டையில மட்டும் நோஞ்சானாப் பத்துச்சு. தீயைக் கண்டதும் அவரு பெரிய வால்வைத் திறந்தாரு. அந்தத் தீ பர்னருக்கு எட்டல. உள்ள கேஸு நெறஞ்சு, கொஞ்சம் பொறுத்து ஒரே மொத்தமாப் பிடிச்சுச்சு. டமாருன்னு கதவு பறந்துச்சு. பெத்தண்ணனுக்கு வலது கையும் கன்னமும் வெந்து போச்சு.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதும் நான் தனியா நின்னு பைலட்டைக் கழட்டுனேன். ஒரு ஓட்டையில சந்தனம் செங்கல்லா இறுகிக் கெடந்துச்சு. கம்பியால குத்தி எடுத்து, கால்ல தேச்சு, மண்ணோட மண்ணாக்கிட்டேன். முதலாளி அங்குட்டு இருந்து வந்தாக.

"ஏப்பா, பெத்தன் ப்ளோயரைப் போட்டானா?"

"சத்தம் கேக்கலைங்க" ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அட நாசமாப் போறவனே, அதுக்கு மேல என்ன சொல்லணும்? முதலாளி வைத்தியச் செலவைப் பாத்துக்கிட்டாக, ஆனா பெத்தண்ணனைத் திரும்ப உள்ள விடல. அவரோட அப்பா கருத்தையா, முதலாளி வீட்டு நெலத்துல நாப்பது வருசம் பாடுபட்டவரு. எம்மகன் பொறுப்பானவன்னு சொல்லி அந்த வேலையைக் கேட்டு வாங்குனதே அவருதான். "என் வாக்கைக் கெடுத்துட்டியேடா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அதோட ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மகன்கூடப் பேசுறதை நிறுத்திட்டாரு.

நான் வாராவாரம் பழம் வாங்கிட்டு அங்க போவேன். பெத்தண்ணனுக்கு விரலு மடங்கவே மடங்காது. அவரு சம்சாரம் வீரலட்சுமி டீ போட்டுக் குடுத்து, "எங்களை எட்டிப் பாக்குறது நீங்க ஒருத்தருதான், நல்லா இருப்பீக" ன்னு சொல்லும். அந்த டீயை நான் முழுசாக் குடிச்சிருப்பேன்னா நெனைக்கிறீக? சொல்லிருவோம், சொல்லிருவோம்னே போவேன். வேலை போயிரும், பிட்டருங்கிற பேரு போயிரும்னு நெனப்பு வரும். பழத்தை வச்சுட்டு எந்திரிச்சு வந்துருவேன். தூ, நானும் ஒரு ஆம்பளை!

பங்குனியில கருத்தையா செத்துப்போனாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சனம் கலைஞ்சதும், பெத்தண்ணன் என்னைய மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிட்டுப் போனாரு.

"தம்பி, நீ தொழில் தெரிஞ்சவன், உன்னைத்தான் கேக்கணும். அன்னைக்கு நான் ப்ளோயரைப் போட்டேன்னுதான் என் மனசு சொல்லுது. ஆனா உனக்கே சத்தம் கேக்கலைன்னா, நான் போட்டிருக்க மாட்டேன்ல? எனக்குப் புத்தி கித்தி பெரண்டிருச்சாப்பா?"

ஆறு மாசமா அந்த மனுசன் தன்னோட ஞாபகத்தையே நம்பாம இருந்திருக்காரு.

"போட்டீக அண்ணே. அஞ்சு நிமிசம் முழுசா ஓடுச்சு. பைலட்டுல சந்தனத்தை அடைச்சு வச்சவன் நான். பொய் சொன்னவனும் நான்தான். செருப்பைக் கழட்டி அடிங்க. நாளைக்கே முதலாளிகிட்டயும் சொல்லிர்றேன்."

அவரு அடிக்கல. கூரையைத் தாங்குற கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு.

"உசுரு போற அன்னைக்கு எங்கய்யா வாயில பாலு ஊத்தப் போனேன். என் வெந்த கையைக் கண்டதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. ஒரு மாசம் முந்தி இதைச் சொல்லிருக்கக் கூடாதா தம்பி?"