நீலத் தொப்பி

திறமைக்கு விலையே கிடையாது என்று சலவை ஆலை முதலாளி அடிக்கடி சொல்வார். சொன்ன சொல் தவறாத மனிதர். திறமைக்கென்று ஒரு காசு கொடுத்ததில்லை.

கிழக்கு வெளுக்கும் முன்பே கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். விடுதிகளிலிருந்து வண்டிகள் வந்து நிற்கும். யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகள் மூட்டை மூட்டையாக இறங்கும். நனைந்த துணியின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். பிணம் மாதிரி, தூக்கத் தூக்கக் கூடும். துவைக்கும் இயந்திரத்திலிருந்து அதை உருவி, உதறி, தள்ளுவண்டியில் ஏற்றி, உருளைக்குக் கொண்டுவர வேண்டும். உருளை என்பது ஆள் நீளத்தை மிஞ்சிய இரும்பு இஸ்திரி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, உள்ளே நீராவி. இந்தப் பக்கம் இருவர் நின்று விரிப்பின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து ஊட்டினால், அந்தப் பக்கம் தகடாக வெளியே வரும். சோப்பும் வெந்த பருத்தியும் கலந்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டு, வீட்டுக்குப் போன பிறகு சோற்றிலும் மணக்கும்.

ஆலையில் ஒரு வழக்கம். வேலை பழகுகிறவர்களுக்கு மஞ்சள் தொப்பி, பழகி முடித்தவர்களுக்கு நீலம். மஞ்சளுக்குப் பாதிக் கூலி, நீலத்துக்கு முழுக் கூலி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருத்திக்கு உருளையில் கை படிந்ததும் முதலாளி அவளை மடிக்கும் மேசைக்கு மாற்றுவார். மடிப்பு படிந்ததும் வெளுக்கும் தொட்டிக்கு. புது இடம் என்றால் புதுப் பயிற்சி. புதுப் பயிற்சி என்றால் அதே மஞ்சள். ஒரு சுற்று முடிந்து மறுபடி உருளைக்கு வந்து நின்றால், "நடுவுல மறந்திருப்பே" என்பார். கல்யாணமான புதிதில் வேலைக்கு வந்தவள், பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் மஞ்சளிலேயே இருந்தாள்.

தளத்தில் ஒரே ஒரு நீலத் தொப்பி. முதலாளி வெளியூருக்கு அனுப்பி உருளைப் பயிற்சி எடுத்து வரச் செய்த பெண். மற்றவர்களுக்குப் பழக்கிவிடுவது அவள் வேலை. டீச்சர் என்று கூப்பிட்டார்கள், மரியாதைக்காக அல்ல. மாதக் கடைசியில் முதலாளி எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்பார்: "என்னம்மா, தேறிட்டாங்களா?" அவள் தரையைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் பழகணும் முதலாளி" என்பாள். அப்படிச் சொல்வதற்குத்தான் அந்த நீலம்.

அவள் சாப்பாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால், வானொலியைத் திருகி அணைத்த மாதிரி பேச்சு நிற்கும். ஆகவே நுழைவதை விட்டுவிட்டாள். கொதிகலனுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். கொதிகலனிடம், "இன்னைக்கு உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும் அளவுக்குப் பழக்கம் வளர்ந்திருந்தது. வீட்டிலும் ஒற்றை அறை, ஒற்றை ஆள். கூடப்பிறந்த தங்கை பக்கத்துச் சந்தில்தான் இருந்தாள். ஆனால் அவளும் மஞ்சள் தொப்பிக்காரி. அக்காள் வீட்டு வாசல் மிதிப்பதில்லை. ஆலையில் தங்கைக்கு வெடி என்று பெயர். பேச்சு அப்படி.

அன்று விடியற்காலை உருளையில் நின்றவள் ஒட்டடைக்குச்சி. நெடுநெடுவென்ற உயரம், காற்றடித்தால் சாய்கிற உடம்பு. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டதும் இயந்திரம் நின்றுவிடும். துணி பட்டாலும் நிற்கிறது என்று முதலாளி அதைக் கயிற்றால் கட்டிவைத்திருந்தார். பயிற்சி முடிந்து வந்த புதிதில் டீச்சர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "காசு வர்ற பயிற்சியை மட்டும் இங்க காட்டு" என்று பதில் வந்தது. மடிப்பு விழுந்த விரிப்புக்குக் கூலியில் பிடித்தம் வேறு.

விரிப்பின் ஓரம் சுருண்டது. ஒட்டடைக்குச்சி அதை நீவிவிடக் கை நீட்டினாள். டீச்சர் பாய்ந்துபோய் விசையை அடித்தபோது வலது கை மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது. முதலில் அலறல் வரவில்லை. வாடைதான் வந்தது.

அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்ட கையோடு முதலாளி டீச்சரை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா."

அந்த நாற்காலியில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. பேரம் பெரிது என்று அப்போதே புரிந்துவிட்டது.

"விசாரிக்க அதிகாரி வரப்போறார். அந்தப் பொண்ணு பயிற்சி முடிச்சவதானே?"

"மஞ்சத் தொப்பிங்க."

"நேத்து சாயங்காலம் நீ நீலம் குடுத்தே. மறந்துட்டியா?" இழுப்பறையிலிருந்து கசங்காத புதுத் தொப்பி ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"குடுக்கலியே முதலாளி."

"இதோ பாரு. பழகாதவளை மெஷின்ல நிறுத்தினா தப்பு என்னுது. வைத்தியம், நஷ்டஈடு எல்லாம் என் தலையில. எல்லாம் தெரிஞ்சவ கையை விட்டா தப்பு அவளுது. அவ்வளவுதான் விஷயம்."

"போன தடவை கூலி போடும்போது பழகாதவளா இருந்தாளே?"

"கேள்வி கேக்கவா உன்னைப் பயிற்சிக்கு அனுப்பினேன்?" சிரித்துக்கொண்டார். "மேற்பார்வைப் பயிற்சி ஒண்ணு வருது. போயிட்டு வா. உனக்குன்னு தனி ரூம், ஃபேன் போட்டுத் தர்றேன்."

தனி அறை. தனியாக இருப்பதில் அவளுக்கு ஏற்கெனவே நல்ல தேர்ச்சி. தொப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

ஒட்டடைக்குச்சியின் கை, தலையணை போலக் கட்டப்பட்டு நெஞ்சின்மேல் கிடந்தது. பக்கத்தில் வெடி உட்கார்ந்திருந்தாள்.

"பரீட்சை வைக்க வந்தியா டீச்சர்?" என்றாள் ஒட்டடைக்குச்சி. வலியிலும் வாய் ஓயவில்லை.

டீச்சர் தொப்பியைக் கட்டில்மேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தனி ரூமையும் ஃபேனையும்கூட.

"அடேங்கப்பா! கூலிக்குக் கத்துக்குட்டி, கை வெந்தா கெட்டிக்காரியா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா சுண்டுவிரலோட நிறுத்தியிருப்பேனே."

வெடி சிரிக்கவில்லை. "வாங்கிட்டு வந்துட்டேல்ல? மாசா மாசம் எங்க மூஞ்சிக்கு நேரா பொய் சொன்ன வாய்தானே. இன்னொண்ணு சொன்னா வலிக்குமா?"

"வலிக்குது" என்றாள் டீச்சர்.

வெடி நிமிர்ந்து அக்காள் முகத்தைப் பார்த்தாள். அது அபூர்வம்.

"இவளுக்கு உருளை கைவந்து எத்தனை காலம் ஆச்சு? உனக்கு? வெளுக்கிற தொட்டியில நிக்கிறாளே, அந்தத் தொட்டிக்காரிக்கு? அங்க உங்களுக்குத் தெரியாத வேலை என்ன இருக்கு? இவளுக்கு மட்டும் நீலம் குடுத்தா பொய். எல்லாருக்கும் குடுத்தா உண்மை."

"நீலம் வந்தா என் நஷ்டஈடு போயிடுமே" என்றாள் ஒட்டடைக்குச்சி. இப்போது குரலில் விளையாட்டு இல்லை.

"போகாது. எவ்வளவு பழகின கையா இருந்தாலும், கட்டிப்போட்ட கம்பி மெஷினை நிறுத்தாது. யார் கட்டினாங்கன்னு அதிகாரிகிட்ட நான் சொல்றேன்."

"உன் வேலை போயிடும்" என்றாள் வெடி.

"போகும்."

மறுநாள் கொதிகலன் சூடேறுவதற்குள் தொட்டியருகே மஞ்சள் தொப்பிகள் குவிந்தன. விடுதிச் சமையல்காரர்களின் மேலங்கிகளுக்கு ஏற்றும் நீலச் சாயம் மூலையில் இருந்தது. இருக்கிற பாதிக் கூலியும் போய்விட்டால் என்ன செய்வதென்று ஒருத்தி அழுதாள். யாரும் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல எவளிடமும் இருப்பு இல்லை. அவளே மூக்கைச் சிந்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் குவியலில் எறிந்தாள். வெடி சாய டப்பாவைத் திறந்து கவிழ்க்கப் போனாள்.

"ஏய், நில்லுடி!" தொட்டிக்காரி அவள் கையைப் பிடித்தாள். "மஞ்ச மேல நீலம் ஏறினா பச்சையாயிடும். எல்லாரும் கிளி மாதிரி நிக்கவா? முதல்ல வெளுக்கணும்."

வெளுத்தார்கள், அலசினார்கள், சாயத்தில் முக்கிப் பிழிந்தார்கள். காயப்போட நேரமில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டதில் நெற்றியிலும் காதோரமும் நீலம் வழிந்தது.

முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கூத்து இது? யார் குடுத்தது?"

"நான்தான். குடுக்கச் சொன்னீங்களே" என்றாள் டீச்சர்.

"ஒருத்திக்குத்தானே சொன்னேன்!"

"எல்லாரும் அவளோட சேர்ந்து பழகினவங்கதான். அவ தேறினா இவங்களும் தேறினவங்க. நீலத்துக்கு உண்டான கூலியைக் குடுத்துடுங்க."

"கழட்டுங்கடி எல்லாத்தையும்!"

"கழட்டிடறோம்" என்றாள் வெடி பணிவாக. "கழட்டினா நாங்க பழகாதவங்க. பழகாதவங்களை மெஷின்ல நிறுத்தினா தப்பு உங்களுதாமே? உங்களுக்கு எதுக்கு வம்பு? நாங்க ஓரமா நிக்கிறோம்."

எந்தப் பக்கம் விற்றாலும் நட்டம் தருகிற சரக்கை முதலாளி அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தார். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். "சரி. ரெண்டு பேருக்கு நீலம் தர்றேன். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"சில்லறையில முடிக்கிறதில்ல முதலாளி" என்றாள் தொட்டிக்காரி. "மொத்தமாத்தான்."

முதலாளியின் விரல் டீச்சர் பக்கம் திரும்பியது. "நீ வெளிய போ. இனி இந்த வாசல்ல கால் வைக்காதே."

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஈரத் தரையில் தன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வாசலுக்கு வெளியே, தெருவோரக் கல்லில் உட்கார்ந்தாள். எதிரே வண்டிகள் மூட்டைகளோடு காத்திருந்தன. வெகுநேரம் யாரும் வரவில்லை. வராவிட்டால்தான் என்ன, பழகிய இடம்தானே என்று நினைத்துக்கொண்டு, நேரம் போக டப்பாவைத் திறந்தாள்.

அப்போது உள்ளே கொதிகலனின் உறுமல் தணிந்து, தணிந்து, நின்றது. நீல நெற்றிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தொட்டிக்காரி மட்டும் வரவில்லை. அதிகாரி வந்து பார்க்கும்வரை கம்பியிலிருந்த கயிற்றை யாரும் அவிழ்க்காதபடி உருளைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வெடி அதே கல்லில் அக்காளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்காமலே அவள் டப்பாவிலிருந்து ஒரு வாய் அள்ளிப் போட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்ல. ஒத்தை ஆளுக்குச் சமைச்சா இந்த லட்சணம்தான்." தன் டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்தாள்.

பொழுது சாயும்போது கணக்கு இப்படி நின்றது. வரவு: நீலத் தொப்பிகள், ஒருத்தி குறையாமல். செலவு: ஒரு வேலை, ஒரு நாள் கூலி, தேய்த்தும் போகாத சாயம். அதிகாரி நாளைக்குத்தான் வருவாராம். தொட்டிக்காரி நாற்காலியை விட்டு எழவில்லை. ஒட்டடைக்குச்சியின் விரல்களைப் பற்றி வைத்தியர் இன்னும் வாய் திறக்கவில்லை. அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளியின் பதில்: பாக்கி.