தயிர் மூடியில் அப்பா

“மூடியிலேருந்து எங்கப்பா முகத்த எடுத்துடுங்க, ஞானப்பா.”

ஸ்தெர்யோஸ் தலையைத் தூக்கவில்லை. குளிர்காப்பியைக் குழலில் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து என்னைக் கையில் வாங்கி, அசிமினா என்று பெயர் சொன்னவர் அவர். இந்தப் பால் ஆலைக்கும் முதலாளி. எங்கள் ஆட்டுப்பால் இங்கேதான் வருகிறது, என் சம்பளமும் இங்கிருந்துதான் போகிறது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு உத்தரவு இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டத்தை நான் வாங்கிக்கொண்டு வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா சொன்னாள்: லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், அந்தப் படத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

படம் எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆலை ஆரம்பித்த புதிதில் விளம்பரத்துக்கு ஆள் வைக்க ஸ்தெர்யோஸிடம் வசதி இல்லை. எங்கள் பட்டிக்கு வந்து, தோளில் கம்போடு நின்ற அப்பாவைத் தானே படம் பிடித்துக்கொண்டு போனார். கூலி ஒரு புட்டி சிப்பூரோ சாராயம், அதையும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து குடித்துத் தீர்த்தார்கள். அன்றிலிருந்து தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் டப்பாவின் மூடியில் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அந்த அகல மீசை லாரிசா நகரக் கடைகளில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு அதில் பெருமை. உள்ளே இருந்தது அவருடைய பால். பெருமைப்பட நியாயம் இருந்தது.

இரண்டு வருடம் முன்புவரை அந்த ஒரு கிலோ டப்பா ஐந்து யூரோவைத் தாண்டவில்லை. பிறகு தீவனம் ஏறியது, மின்கட்டணம் ஏறியது, ஆட்டம்மை வந்தது. ஒரு ஆட்டுக்கு வந்தால் மந்தை முழுவதையும் கொன்று புதைக்க வேண்டும். கீழே சமவெளியில் பட்டி பட்டியாகக் காலியானது. மேட்டில் இருந்ததால் எங்கள் நூற்றெண்பதும் தப்பின. ஒரு கிலோ வடித்த தயிருக்கு மூன்று கிலோ பால் போகும், பாலுக்கு எங்கே போவது? டப்பா ஏழரை யூரோவில் வந்து நின்றது. கடையில் ஜனங்கள் அதை எடுத்து, விலையைப் பார்த்து, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆலை ஆய்வுக்கூடத்தில் இருந்த என்னை மலிவாக ஒன்று செய்யச் சொன்னார் ஸ்தெர்யோஸ். செய்தேன். இந்த விஷயத்தில் நான் யோக்கியம் பேச முடியாது. வெளிநாட்டுப் பால்பொடி, பாமாயில், மாவுச்சத்து. நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கரண்டியை நிறுத்தினால் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். வேறு பெயரில், வேறு டப்பாவில் போகும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அதைத் தயிர் என்று எழுதச் சட்டத்தில் இடமில்லை, அதனால் ‘தயிர்ச் சுவை உணவு’ என்று பொடி எழுத்தில் போட்டார்கள். பொடி எழுத்துக்கு மேலே, மூடி நிறைய, அப்பா.

ஊர்க் காப்பிக்கடைக்காரன்தான் முதலில் கண்டுபிடித்தான். டப்பாவைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சத்தமாக வாசித்துவிட்டு, அப்பா முன்னால் வைத்தான்.

“என்ன ஸீஸி, உன் ஆடுங்க எப்பலேருந்து பனைமரம் மேயுது?”

அப்பாவும் சேர்ந்து சிரித்தாராம். மறுநாள் போனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு டப்பா. சனிக்கிழமை காலையில் அப்பா மீசையை மழித்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அம்மா பார்த்துப் பழகிய மீசை. மேலுதடு மட்டும் வெயிலே படாமல் வெளுத்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அரித்தது என்றார். நாற்பது வருடமாக அரிக்காத மீசை.

இதை எல்லாம் ஸ்தெர்யோஸிடம் சொன்னேன். குழலை வாயிலிருந்து எடுத்தார். ரெண்டு லட்சம் மூடி அச்சடித்துக் கிடக்கிறது, ஈஸ்டர்வரை ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். மீசைதானே, வளரும் என்றார். நான் நகரவில்லை என்றதும் குரல் மாறியது.

“ஏழரை யூரோ குடுக்க முடியாதவன் என்ன செய்வான், பொண்ணே? அவன் வாயிலயும் ஏதாவது போகணுமில்ல? உங்க வீட்ல வாங்குவீங்களா அத?”

வாங்க மாட்டோம். பால் எங்களுடையது, டப்பா எங்களுக்கு எட்டாது. அவர் சொன்னது சரிதான் என்பதில்தான் எனக்கு அதிகக் கோபம்.

இதற்கு வேறு வழி இருக்கிறது என்று அவரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தவள் நான். வடிக்காதீர்கள். மேலே ஆடையோடு, சாதாரணத் தயிராக விடுங்கள். இயந்திரம் வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம், பெரிய கடைக்காரனுக்குப் பங்கு வேண்டாம். கெட்டியாக வேண்டும் என்கிறவர்கள் வீட்டில் துணியில் கட்டி வடித்துக்கொள்ளட்டும். வடித்தால் அளவு குறையும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கெட்டித் தயிர் யாருக்குத் தினமும் வேண்டும்? வெள்ளரியும் பூண்டும் போட்டுப் பிசைகிற அன்றைக்கு ஒரு கிண்ணம் வடித்தால் போதும். இறங்குகிற தண்ணீரில் ரொட்டிக்கு மாவு பிசையலாம். அவர் இரண்டு முறையும் சிரித்தார். அடுக்குமாடியில் இருக்கிறவள் துணியை எங்கே தொங்கவிடுவாள், விளக்கிலா என்று கேட்டார். சல்லடையில் விரித்தால் போதும் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அதனால் பக்கத்து ஊர்ப் பெண்கள் கூட்டுறவுக்குப் போனேன். தலைவி வாயா அக்கா. ஜாம் காய்ச்சுகிற அந்தக் கூடத்தில், உரிமம் உள்ள பால் கொப்பரை ஒன்று வாரம் முழுக்கச் சும்மா கிடந்தது. வேறொருவரிடம் கொஞ்சம் பால் வாங்கி, கூட்டுறவின் பெயரிலேயே மூன்று புதன்கிழமை லாரிசா தெருச்சந்தையில் வைத்துப் பார்த்தோம். கிலோ மூன்று இருபது, பாத்திரம் நீங்களே கொண்டு வாருங்கள். முதல் வாரம் பதினோரு கிலோ போனது, அதிலும் இரண்டு கிலோ வாயா அக்காவின் நாத்தனார்கள் வாங்கியது. மூன்றாவது வாரம் ஜனங்கள் தூக்குப்பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். பத்து மணிக்குக் கொப்பரை காலி. ஒரு நர்ஸ், வடிக்கத் துணி எது நல்லது என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு போனாள்.

இதை நான் சொல்லச் சொல்ல ஸ்தெர்யோஸ் காப்பியைத் தள்ளி வைத்தார்.

“நெறைய வேணும்னா பாலுக்கு எங்க போவ?”

கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது, எங்கள் பட்டியிலிருந்துதான்.

“ஸீஸிகிட்ட கேட்டியா?”

“கேட்டேன்.”

நான் கேட்டபோது அப்பா ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். நாலு காலையும் முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்தார். அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னார்: முதலில் ஸ்தெர்யோஸிடம் நேரில் போய்ச் சொல்லு, இதை அவன் காப்பிக்கடையில் கேட்கக் கூடாது.

ஸ்தெர்யோஸ் எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். இன்றைக்கே மூடியை மாற்றிவிடுகிறேன் என்றார். ரெண்டு லட்சத்தையும் கழித்துவிடுகிறேன், நஷ்டம் என்னோடு போகட்டும், பாலை மட்டும் நிறுத்தாதீர்கள், அம்மையில் நாற்பது பட்டி போனது எனக்கு என்றார். நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு போய் வேலையைப் பார் என்று எனக்குள்ளேயே ஒரு குரல் சொன்னது. அம்மாவின் குரல் மாதிரி இருந்தது.

“மூடிய மாத்துங்க. அது நீங்க செய்ய வேண்டியது. பால் வேற விஷயம்.”

“உன்னக் கையில வாங்குனவன் நான்.”

“அதனாலதான் நேர்ல வந்திருக்கேன், ஞானப்பா. இல்லேன்னா கடுதாசி வந்திருக்கும்.”

ஆய்வுக்கூடச் சாவியை மேசையில் வைத்தேன். வெள்ளை அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டேன், மடித்து வைக்கப் பொறுமை இல்லை. பின்னால் அவர் என் பெயரைச் சொன்னார். அதட்டலாக இல்லை. நான் திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் திரும்பவில்லை.

முற்றத்தில் பால் வண்டியைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார் க்ளெயாந்திஸ். தினமும் எங்கள் மேட்டுக்கு வந்து பால் ஏற்றுகிறவர்.

“நாளைக்கு அஞ்சரைக்கு வரட்டுமா, ஆறு மணிக்கா?” என்று கேட்டார்.

“எங்க மேட்டுக்கு ஏற வேண்டாம், அண்ணே. நாளைலேருந்து வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே, தண்ணீரைத் தாண்டி வெளிவாசலுக்கு நடந்தேன்.