புது முட்டியின் மானம்

முட்டி மாற்றிக்கொண்ட அடுத்த வாரமே, ஓய்வு பெற்ற அந்தப் பஸ் கண்டக்டர் வார்டின் கழிவறை வாசலில் மயங்கி விழுந்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டி மேலேறி நுரையீரல் குழாயை அடைத்திருந்தது. நகராததைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போயிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது.

வேலைக்கு வராத இன்னொரு டாக்டருக்கும் சேர்த்து ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த டியூட்டி டாக்டரின் நிலைமையும் ஏறக்குறைய அந்த இதயத்தின் நிலைமைதான். கட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்ற வேண்டும் என்றாள். ஆனால் அந்த மருந்துக்கு, அடைக்கிற கட்டிக்கும் ஆபரேஷன் காயத்தை மூடிக் காக்கிற கட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. முட்டியில் ரத்தம் கசியலாம். மூளையில் கசிந்தால் கதை முடிந்தது.

ஆபத்தான மருந்து என்றால் பெரிய டாக்டர்கள் கூடி, தலைமை மருத்துவர் தலையசைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கூடினார்கள். இதயத்தின் மேல் தப்பில்லை, தப்பு நுரையீரலில் என்றார் இதய டாக்டர். கட்டி கிளம்பியது காலிலிருந்து என்று நினைவூட்டினார் நுரையீரல் டாக்டர். முழு ஆள் யாருடைய துறையிலும் வரவில்லை. உண்மையாகக் கலங்கியவர் எலும்பு டாக்டர் மட்டுமே. வரப்போகிற மாநாட்டில் அவர் காட்டவிருந்தது அந்த முட்டியைத்தான்.

"என் முட்டி வீங்கிடும் சார்," என்றார் தலைமை மருத்துவரிடம்.

தலைமை மருத்துவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தான் வெளிநாட்டில் படித்த காலத்திலிருந்து தொடங்கினார். டியூட்டி டாக்டர் எழுந்து வெளியே போனாள்.

பெஞ்சில் கண்டக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. போட்டால் பிழைக்கலாம், மருந்தாலேயே போகவும் கூடும். போடாவிட்டால் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் என்றாள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். முட்டியைப் பற்றி என்றாள்.

"அவர விட்டுட்டு முட்டிய மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் நான் என்னம்மா பண்றது? போடுங்க."

தலைமை மருத்துவர் கேட்டால் என்ன சொல்வது என்று நர்ஸ் தயங்கினாள். என் பேரைச் சொல் என்றாள் டாக்டர். மருந்து மெல்ல இறங்கியது. மூளையில் கசிவு வந்தால் முதலில் பேச்சு குழறும். அதனால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கண் சொருகும்போதெல்லாம் தன்னைக் கிள்ளிக்கொண்டு, அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். முதலில் முனகல்தான் வந்தது. பாட்டில் தீரும் சமயம் ரத்த அழுத்தம் ஏறியது, மூச்சு சீரானது.

அப்போது குழு முழுதும் வந்து கட்டிலைச் சூழ்ந்தது. மருந்து கொடுக்கலாம் என்று தீர்மானித்திருப்பதாகத் தலைமை மருத்துவர் அறிவித்தார். காலி பாட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்டக்டர் கண் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க சார்," என்றார், துளியும் குழறாமல். "எல்லாம் அப்படியே முன்னால நகருங்க."

நகர்ந்தார்கள். எலும்பு டாக்டர் மட்டும் போர்வையை விலக்கி, பூசணிக்காயாய் வீங்கியிருந்த முட்டியைத் துக்கம் விசாரிப்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். வலிக்கிறதா என்று கேட்டார்.

"உயிர் போகுது சார்."

"போகல," என்றாள் டியூட்டி டாக்டர். சுவரில் தலையைச் சாய்த்தாள்.