அப்பம் இறங்கும் வரை

எமிலி விழுங்கும் சோறு நெஞ்சோடு நின்றுவிடும். ஒரு செம்பு தண்ணீரைக் குடித்து, எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி முதுகை நிமிர்த்தினால் கொஞ்சமாவது இறங்கும். இல்லாவிட்டால் போன வழியே திரும்பி வரும். கலியாணத்துக்குத் தைத்த சட்டைக்குள் இப்போது இரண்டு எமிலி நிற்கலாம்.

யாழ்ப்பாணத்து டொக்டர் படம் கீறிக் காட்டினார். "தங்கச்சி, சாப்பாட்டுக் குழாயின்ர அடியில ஒரு வாசல் இருக்கு. அதைத் திறக்கச் சொல்லுற நரம்புகள் செத்துப்போச்சு. மருந்தால ஏலாது, ஒப்பிரேசன்தான். இந்தத் திகதியை விட்டிடாதேங்கோ, உங்கட உடம்பில இனிக் குறைய ஒண்டுமில்லை."

அவர் தந்த திகதி, அந்தோனியார் திருநாளுக்கு மறுநாள்.

அதற்கு முந்திய ஞாயிறுதான் எல்லாம் குழம்பியது. நெடுந்தீவுக் கோயில் பூசையில் நன்மை எடுத்து, பாதர் நாவில் வைத்த மெல்லிய அப்பத்தை விழுங்கித் திரும்பியவளுக்கு, முதல்நாள் சாப்பிட்டதோடு சேர்ந்து அந்த அப்பமும் வெளியே வந்துவிட்டது. நடுக் கோயிலில், எல்லோரும் பார்க்க. பாதர் ஒன்றும் சொல்லாமல் வெள்ளைத் துணியால் துடைத்து எடுத்தார். சனம் சொன்னது.

"சுவாமிக்கே இவளின்ர வயித்துக்குள்ள போக விருப்பமில்லைப் போல," என்று பக்கத்து வீட்டு ஜெனீற்றா கிணற்றடியில் சிரித்தாள்.

மாமியார் அல்போன்சம்மா சிரிக்கவில்லை. "உது நோய் வருத்தமில்லைத் தம்பி, பேய்," என்று மகன் கிளின்ரனிடம் அழுதாள். "பேய் உள்ளுக்க இருக்கேக்க வெட்டக் குடுத்தால் இவள் மேசையிலேயே செத்துப்போயிடுவாள். திருநாளண்டைக்கு நன்மையை விழுங்கிக் காட்டட்டும். பிறகு கூட்டிக்கொண்டு போ, நான் மறிக்க மாட்டன்."

கிளின்ரன் எந்தக் கடலுக்கும் போவான். தாயின் கண்ணீருக்குப் பயம். "ஒருக்கா விழுங்கிக் காட்டுமன் எமிலி. அம்மான்ர மனம் ஆறும். அடுத்தநாள் முதல் போட்டிலயே போவம்."

"ஓம்," என்றாள். வேறென்ன சொல்வது?

திருநாளுக்கு முன் இரண்டு நாட்கள் தண்ணீரைத் தவிர எதையும் அவள் வாயில் வைக்கவில்லை. குழாய் வெறுமையாக இருந்தால் ஒரு மெல்லிய அப்பமாவது தங்காதா?

பாதர் நாவில் வைத்தார். விழுங்கினாள். நெஞ்செலும்புக்குப் பின்னால் அது ஒட்டிக்கொண்டு நின்றது. உமிழ்நீர் அதன்மேல் ஊறி ஏறியது. குடிக்கத் தண்ணீரில்லை. அல்போன்சம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எமிலிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடினாள். கண்ணீர் வழிந்தது.

"அல்லேலூயா!" என்று யாரோ கத்தினார்கள்.

"சுகமாக்கிப் போட்டார்! என்ர அந்தோனியாரே, சுகமாக்கிப் போட்டார்!" அல்போன்சம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். ஜெனீற்றாகூட முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். கோயில் முழுக்க எமிலியைப் போலவே கைகளை உயர்த்தியது.

கிளின்ரன் ஓடிவந்து அவளைத் தாங்கினான். இவ்வளவு சந்தோசமாக அவனை அவள் கண்டதேயில்லை. "இனி என்னத்துக்கு ஒப்பிரேசன்? நாளைக்கு வரேல்லை எண்டு போட்டுக்காரருக்குச் சொல்லிவிடுறன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் அப்பம் வரும். அப்பம் வந்தால் பேய். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவன் அணைத்துக்கொண்டான்.

வெளியே திருநாள் சாப்பாடு. அல்போன்சம்மா சோற்றை இறைச்சிக் கறியோடு குழைத்து, உருட்டி, மருமகளின் வாயருகே நீட்டினாள்.

"ஆக் காட்டு, என்ர ராசாத்தி."

ஊரே சுற்றி நின்று பார்த்தது. எமிலி வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அவளது கைகள் இன்னும் மேலேயே இருந்தன.