வோல்டர் நிரப்பிய பக்கம்

வோல்டரின் மகள் டோரத்தி எங்கள் வீட்டு மணியை அடித்தது அவருடைய அடக்கத்துக்கு மறுநாள் காலை. ஐம்பது வயது. கன்சாஸிலிருந்து வந்திருந்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அப்பா தன்னைப் பற்றி யாரிடமாவது ஒருமுறையேனும் வாய் திறந்தாரா?

வோல்டர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கன்சாஸில் கோதுமை விதைத்துக்கொண்டிருந்த மனிதர், 1944இல் அமெரிக்கப் பட்டாளத்தோடு இலண்டன் வந்தார், இங்கே ஒருத்தியை விரும்பினார், கோலியர்ஸ் வுட்டிலேயே தங்கிவிட்டார். விட்டுவந்த மனைவியையும் மூன்று வயது மகளையும் பிறகு எட்டிப்பார்க்கவே இல்லை. பழைய பட்டாளக் கடதாசிகளில் பெயரைக் கண்ட வக்கீல் எழுதித்தான் டோரத்திக்கே சாவு தெரியும். அடக்கத்தன்று தேவாலயத்தில் கொடுத்த தாளில் பிள்ளைகள் என்றொரு சொல்லே இல்லையாம்.

என்னிடம் சொன்னார் என்றேன். நீங்கள் நல்லவர், என் ஆறுதலுக்காகச் சொல்கிறீர்கள் என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. பெற்றோல் நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரம் கால்கடுக்க நிற்கிறவன் நான். ஆறுதலுக்குப் பொய் சொல்ல எனக்கு எங்கே நேரம்? எழும்பிப் போய் என் கொப்பியை எடுத்துவந்தேன்.

அந்தக் கொப்பி என் மனைவி தவநாயகிக்குக் கண்ணில் காட்டக்கூடாது. எங்கள் தமிழ் ஆட்களின் மரண அறிவித்தல்களை எழுதித் தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டுகிறவன் நான். தாய் தகப்பன், சகோதரம், பிள்ளை, பேரப்பிள்ளை என்று ஒரு பெயர் விடுபட்டாலும் குடும்பம் இரண்டாகிவிடும். அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் கேட்டால் விடுபடத்தான் செய்யும். ஆகவே ஆள் உயிரோடு இருக்கும்போதே விபரம் வாங்கி அந்தக் கொப்பியில் எழுதிவிடுவேன். போன வருடம், பழக்கதோஷம், வோல்டரிடமும் கேட்டுவிட்டேன்.

“உங்களுக்கென்ன விசரே? உயிரோட இருக்கிற மனிசனிட்டைப் போய்ச் செத்தவீட்டு விபரம் கேக்கிறியளே!” என்று தவநாயகி கத்தினாள்.

“ஏன், அவர் சாகமாட்டாரோ?”

“தமிழிலை எழுதி ஒட்டினா அந்தாளுக்கு ஆரப்பா வாசிக்கிறது?”

வோல்டருக்கு முதலில் ஒரே சிரிப்பு. பிள்ளைகள் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. கொப்பியை வாங்கி, வேலியோரம் நின்றபடி தானே எழுதினார். இத்தனை வருடத்தில் இதை யாருமே தன்னிடம் கேட்டதில்லை என்றார். அவர் கண்மூடிய அன்றே, தமிழ்க்கடைக் கண்ணாடியில் ‘டோரத்தியின் அன்புத் தந்தையும்’ என்று எழுதி ஒட்டினேன்.

பக்கத்தை டோரத்தியிடம் நீட்டினேன். தமிழில் என் கேள்வி, அதன் கீழே வோல்டரின் கோணல் ஆங்கிலம்: ‘டோரத்தி. பனிப்புயல் அடித்த செவ்வாய்க்கிழமை பிறந்தாள். டாக்டர் உழவு இயந்திரத்தில் வந்தார். நான் செய்தது பெரிய பிழை.’

அந்த உழவு இயந்திரக் கதை அம்மாவுக்கும் தனக்கும் மட்டும்தான் தெரியும் என்றவள் அப்படியே உடைந்து அழுதாள். அழவேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

“பேசாமல் இருங்கோ, அழட்டும்” என்று தவநாயகி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும், அடுத்த கேள்வி என்னவென்று டோரத்தி கேட்டாள். பேரப்பிள்ளைகள் என்றேன். அங்கே வோல்டர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். என்னிடம் பேனை வாங்கி, அதன் பக்கத்தில் மெதுவாக இரண்டு பெயர்களை எழுதினாள். மகள் எலன். மகன் வோல்டர்.

பின்னேரம் மூன்று பேருமாகத் தமிழ்க்கடைக்குப் போய் அறிவித்தலை மாற்றி ஒட்டினோம்.